ஸ்காலர்ஷிப்புக்குப் பெண் பார்த்த நாள்

எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை இது. ஒரு பக்கம் எழுதினால் விரல் மரத்துப்போகிறது. விரலை உதறிவிட்டுத் திரும்புவதற்குள் எழுத வந்தது மறந்துபோகிறது. போன வாரம் இந்தப் பத்திரிகையில் என் நாத்தனார் பெயரையும் அவளுடைய ஓரகத்தி பெயரையும் மாற்றி எழுதிவிட்டேன். நல்ல குணமெல்லாம் ஓரகத்திக்குப் போய்விட்டது. நாத்தனார் இன்னும் என்னோடு பேசவில்லை.

இந்த வாரம் வம்பில்லாத ஒன்றை எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். வம்பில்லை என்று நானாக நினைத்துக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

நான் ஆபீசர் ஆனது

கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருவின் கடைசி வீடு என்னுடையது. அந்த வீட்டில், கை உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியில், செத்துப்போன என் வீட்டுக்காரரின் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே எதிர்வீட்டு நிவேதா கைகட்டி நிற்கிறாள்.

"மே ஐ கம் இன் மேடம்?" என்கிறாள்.

நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறேன்.

"பெரிமா! சிரிக்காதீங்க. ஆபீசருங்க சிரிக்க மாட்டாங்க."

"கண்ணாடியில நீ ரெண்டாத் தெரியறடி."

"ரெண்டு பேரையும் மொறைங்க. மொறைக்கறதுதான் உங்க வேல."

நிவேதா பன்னிரண்டாவது முடித்திருந்தாள். கணக்கில் முழு மதிப்பெண். சென்னையில் ஒரு கல்லூரியில் கணக்குப் படிக்க இடமும் கிடைத்துவிட்டது. ஃபீசும் ஹாஸ்டலும்தான் மலையாக நின்றன. அவள் அம்மா மல்லிகா கிழங்குக் காட்டுக்கும் கரும்புக் காட்டுக்கும் கூலிக்குப் போகிறவள். அப்பா பெங்களூரில் கட்டட வேலை, பொங்கலுக்கு வந்தால் உண்டு.

சென்னையிலிருந்து ஒரு அறக்கட்டளைக்காரர்கள் அவளுடைய விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டுக் கடிதம் போட்டிருந்தார்கள். பெயர் வேண்டாம், நல்லவர்கள். 'இரண்டு பேர் வீட்டுக்கே வருவோம், நேர்காணல் செய்வோம், வீட்டு நிலைமையையும் பார்ப்போம்' என்று கடிதம். அது கிடைத்தால் கல்லூரி. கிடைக்காவிட்டால் திருப்பூர் பனியன் கம்பெனி. அவள் சித்தி அங்கே பேசி வைத்துவிட்டு, எப்போது அனுப்புகிறாய் என்று தினமும் போன் போட்டுக்கொண்டிருந்தாள்.

நேர்காணல் ஒத்திகைக்கு, பேசவே கூச்சப்படுகிற என்னை ஏன் ஆபீசராக்கினாள் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

"தனபாக்கியம் அத்தைய உக்கார வெச்சா, கேள்வியும் அவங்களே கேட்டு பதிலும் அவங்களே சொல்லிகினு இருப்பாங்க. உங்களுக்குத்தான் பேச்சே வராது. ஆபீசருக்கு அதான் கரெக்ட்."

தனபாக்கியம் என் பக்கத்து வீட்டுக்காரி. தையல்காரி. தெருவிலேயே சோபாவும் பிரிட்ஜும் வைத்திருக்கிற ஒரே ஆள். அதனால் தெருவில் எது நடந்தாலும் அவளுக்கு ஒரு யோசனை இருக்கும்.

நிவேதா கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொடுத்திருந்தாள். நான் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ஒரு கேள்வியை நான் முடிப்பதற்குள் அவள் மூன்று பதில் யோசித்துவிடுவாள்.

"அஞ்சு, வருடம், கழித்து, நீ, எங்கே, இருப்பாய்?"

நிவேதா வாயைத் திறப்பதற்குள் வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்த மல்லிகா சொன்னாள்: "எங்க இருப்பா, மாமியார் வூட்லதான்."

"எம்மா!"

"இன்னாடி எம்மா? பின்ன மாமியார உன் வூட்டுக்குக் கூட்டிகினு வந்துடப் போறியா?"

இப்படி மூன்று நாள் நடந்தது. மூன்றாம் நாள் நிவேதா என் கண்ணைப் பார்த்து, தடுமாறாமல், நிறுத்தி நிதானமாகப் பதில் சொன்னாள். என்னைப் பார்த்துப் பேசுவதில் என்ன பயம் என்கிறீர்களா? நான் உண்மையாகவே முறைத்தேன். கண்ணாடி பவர் அப்படி.

பித்தளைக் குடம்

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது உங்களுக்குப் புரியாது.

என் அப்பா கல்வராயன் மலைக்கு ரோடு போட்டபோது கல் உடைக்கப் போனார். குடும்பமே கரியாலூருக்குப் போனோம். நான் படித்த ஐந்து வகுப்பும் அங்கேதான். ஒரே அறை, ஒரே வாத்தியார். மழை பெய்தால் ஒழுகாத மூலை ஒன்றுதான், ஐந்து வகுப்பும் அதில் ஒண்டிக்கொள்ளும். இரண்டாம் வகுப்பில் இருந்தபோதே நான் ஐந்தாம் வகுப்புப் பாட்டெல்லாம் கேட்டு முடித்துவிட்டேன்.

என்னைப் பெண் பார்த்ததும் அங்கேதான். மாப்பிள்ளை வீட்டார் பாதி வழி லாரியிலும் பாதி வழி நடையுமாக மலையேறி வந்தார்கள். எங்கள் குடிசையில் ஒரு மண் பானையும் இரண்டு அலுமினியக் குண்டானும் இருந்தன. அம்மா ஓடிப்போய் கான்ட்ராக்டர் வீட்டிலிருந்து ஒரு பித்தளைக் குடம் வாங்கி வந்து, புளி போட்டுத் துலக்கி, நடுவீட்டில் வைத்தாள். நான் பலாப்பழக் குவியலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதில் என்னை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. குடத்தைத்தான் பார்த்தார்கள்.

கல்யாணம் ஆகி இறங்கி வந்த மறுநாளே மாமியார் கேட்டார்: "ஏ அஞ்சலை, அந்தக் கொடம் எப்ப வரும்?"

வரும் அத்தை என்றேன். வருஷக்கணக்காக வரும் வரும் என்றே சொன்னேன். அவர் படுத்த படுக்கையாகி, பேச்சு நின்ற பிறகு, ஒருநாள் என்னைப் பார்த்து இரண்டு கையையும் வட்டமாகக் காட்டினார். தண்ணீர் கேட்கிறார் என்று சொம்பை எடுத்தேன். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டார். குடம்தான்.

இவ்வளவு பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை. எங்கள் தெருவுக்கும் வரவில்லை. யார் வீட்டுக்காவது பெண் பார்க்க வந்தால் ஒருத்தி தோடு தருவாள், ஒருத்தி டம்ளர் தருவாள், ஒருத்தி விசிறியைக் கழற்றித் தருவாள். கேட்கவே வேண்டாம், தானாக வரும். படித்தவர்கள் ஒரு வீட்டுக்கு வந்து, பெண்ணை உட்காரவைத்துக் கேள்வி கேட்டு, வீட்டையும் பார்த்துவிட்டுப் போவது என்றால் எங்களுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

ஒரே காலையில் பணக்கார வீடு

அறக்கட்டளைக்காரர்கள் வருகிற நாள். பதினொரு மணிக்கு வருவதாகப் பேச்சு. மார்க் ஷீட்டைக் கூடுதலாக இரண்டு ஜெராக்ஸ் எடுக்க வேண்டும் என்று நிவேதா காலையிலேயே பஸ் ஸ்டாண்டு பக்கம் போனாள். அவள் தலை மறைந்ததும் தனபாக்கியம் இடுப்பில் முந்தானையைச் செருகினாள்.

"ஏம்மா மல்லிகா, மெட்ராஸ்லேர்ந்து வர்றவங்கள எங்க உக்கார வெப்ப? அரிசி மூட்டை மேலயா?"

"பாய் இருக்கே அண்ணி."

"பாயி! வூட்டு நெலமையப் பாப்போம்னு எழுதியே அனுப்பிகிறாங்க. தெரு மானத்த வாங்கிடாத."

முதலில் சோபா வந்தது. வாசலில் நுழையவில்லை, சாய்த்து நுழைத்தோம். அப்புறம் பிரிட்ஜ். ஐந்து பெண்கள் கோலாட்டம் மாதிரி சுற்றி நின்று தள்ளினோம். ஒயர் பிளக்குக்கு எட்டவில்லை. "எட்டலன்னா இன்னா, அது நிக்கற நெலையே ஒரு அழகுதான்" என்றாள் தனபாக்கியம். உள்ளே அவளுடைய இட்லி மாவு அப்படியே இருந்தது.

டிவி இரண்டு வீட்டிலிருந்து வந்தது. இரண்டு பேரும் ஆகாதவர்கள். ஒருத்தியுடையதை வைத்து ஒருத்தியுடையதைத் திருப்பினால் குழாயடியில் சண்டை வரும். அதனால் இரண்டையும் வைத்தோம்.

நானும் சும்மா இருக்கவில்லை. என் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக் கொண்டுபோய் சோபாவுக்கு மேலே ஆணியில் மாட்டினேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. மறைக்கக் கூடாது அல்லவா.

மல்லிகா வீட்டு அடுப்பில் கேசரி, பக்கத்து அடுப்பில் வாழைக்காய் பஜ்ஜி. பத்தரைக்கே கார் வந்துவிட்டது. அதே நேரம் பின்பக்கமாக நிவேதா வந்தாள். வீட்டைப் பார்த்து வாயைத் திறந்தவளைத் தனபாக்கியம் அப்படியே அடுப்படிக்குள் இழுத்து, தலையில் நாலு முழம் மல்லிகையை வைத்து, கையில் காபித் தட்டைக் கொடுத்தாள்.

"அத்தே, இன்னா இதெல்லாம்? அவங்க..."

"பேசாத. தலைய நிமிர்த்தாத. மொதல்ல பெரியவருக்குக் குடு."

"ஒரு கொறையும் இல்லீங்க"

வந்தவர்கள் இரண்டு பேர். நரைத்த தலையோடு பருத்திப் புடவையில் ஒரு மேடம். கையில் ஃபைலோடு ஒரு சார். இருவரும் சோபாவில் உட்கார்ந்தார்கள். நான் அடுப்படித் திரைக்குப் பின்னால். தெருவே ஜன்னலில்.

சார் வீட்டைச் சுற்றிப் பார்த்து எழுதிக்கொண்டே வந்தார். பேனா நின்றது.

"ரெண்டு டிவியா?"

"ஆமாங்க" என்றாள் மல்லிகா. "ஒன்னு பாக்கறதுக்கு. ஒன்னு..." ஜன்னலைப் பார்த்தாள்.

"வெச்சிக்கறதுக்கு!" என்றாள் தனபாக்கியம் ஜன்னலிலிருந்து.

மேடம் மல்லிகாவிடம் கேட்டார்: "அப்ளிகேஷன்ல கூலி வேலைன்னு போட்டிருக்கீங்களே?"

"அது சும்மா போறதுங்க. வூட்லயே உக்காந்திருந்தா பொழுது போவல."

கரும்புச் சோகை கிழித்த கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டுதான் இதைச் சொன்னாள். பெண்ணைப் பெற்றவள் அப்படித்தானே பேச வேண்டும். அதோடு நிறுத்தினாளா? இல்லை.

"எங்களுக்கு ஒரு கொறையும் இல்லீங்க. பொண்ணுக்கு செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சி அனுப்புவோம்."

மேடம் சாரைப் பார்த்தார். சார் ஃபைலைப் பார்த்தார். நிவேதா தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். மூன்று நாள் என் கண்ணைப் பார்த்துப் பேசியவள், இப்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ ஏதாவது சொல்லணுமாம்மா?" என்றார் மேடம்.

நிவேதா அம்மாவைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். மறுபடி தரையைப் பார்த்தாள்.

மேடம் கையை நீட்டி ஃபைலை மூடினார். "இது ரொம்ப கஷ்டப்படற பிள்ளைங்களுக்கான உதவிம்மா. உங்க வீட்டுக்கு அது தேவைப்படாதுன்னு நினைக்கிறேன். சந்தோஷம். நாங்க கிளம்பறோம்."

மல்லிகா முகத்தில் இருந்த சிரிப்பு போக வழி தெரியாமல் அப்படியே நின்றது. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது, இவர்கள் குறையில்லாத வீட்டைத் தேடி வந்தவர்கள் இல்லை என்று.

ஏறினேன்

யாராவது பேச வேண்டும். தனபாக்கியத்துக்கே முதல்முறையாக வாய் அடைத்துப்போயிருந்தது. திருப்பூர் பஸ் ஒன்று என் கண்ணுக்குள் கிளம்பி நின்றது.

எனக்குப் பேச வராது. கை கால் வரும். நேராகப் போய், சோபாவின் கைப்பிடியில் ஏறி நின்று, சார் தலைக்கு மேலே கையை நீட்டினேன். அவர் பயந்துபோய்த் தலையைக் குனிந்துகொண்டார். என் கடிகாரத்தைக் கழற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி, வாசலைப் பார்த்து நடந்தேன்.

"ஏக்கா! இன்னாக்கா பண்ற?" என்று தனபாக்கியம் வாசலில் மறித்தாள்.

அவள் காதில் மட்டும் சொன்னேன்: "பொண்ணு படிப்பு போவுதுடி."

அவள் என்னைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

"சார், கொஞ்சம் எழுந்திருங்க. இது என் சோபா."

அப்புறம் நடந்ததை எழுத எனக்குக் கை போதாது. ஒரு டிவி போனது. அது போவதைப் பார்த்து இன்னொரு டிவி வேகமாகப் போனது. டம்ளர்காரி வந்து காபியை மல்லிகா வீட்டு அலுமினியக் குவளையில் ஊற்றிவிட்டு டம்ளரைக் கொண்டுபோனாள். பிரிட்ஜை நகர்த்தும்போது கதவு திறந்து, புளித்துப் பொங்கியிருந்த மாவு தரையில் வழிந்தது.

சாருக்கு நம்பிக்கை வரவில்லை. "இப்ப நடக்கறது நாடகமா, முன்னாடி நடந்தது நாடகமான்னு எப்படித் தெரியும்?" என்றார்.

"வாங்க சார்" என்று தனபாக்கியம் அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், சோபா இருந்த இடத்தில் தரையில் பதிந்திருந்த நாலு கால் தடத்தைக் காட்டினாள். என் வீட்டுக்கும் கூட்டி வந்தாள். சுவரெல்லாம் அழுக்கு, கடிகாரம் இருந்த இடம் மட்டும் வட்டமாக வெள்ளை. நான் கடிகாரத்தை அதன் மேல் வைத்துக் காட்டினேன். சரியாகப் பொருந்தியது. சார் அதையும் எழுதிக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

பாய்

திரும்பி வந்தபோது வீட்டில் மிச்சம் இருந்தவை: ஒரு பாய், ஒரு அடுப்பு, ஒரு டிரங்குப் பெட்டி, அரிசி மூட்டை, உரச் சாக்கில் நிவேதாவின் புத்தகங்கள். மல்லிகா சுவரோடு சுவராக நின்றாள். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை.

மேடம் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"ஏம்மா இப்படிச் செஞ்சாங்க?"

நிவேதா தலையிலிருந்த மல்லிகையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க பொண்ணு பாக்க வர்ற மாதிரி நெனச்சிட்டாங்க மேடம். எங்க தெருவுக்கு வேற யாரும் கார்ல வந்ததில்ல."

"நீ ஏன் முதல்லயே சொல்லல?"

"சொன்னா எங்கம்மாவுக்கு அவமானம். சொல்லலன்னா எனக்குப் படிப்பு போயிடும். எதுன்னு யோசிச்சிகினே இருந்தேன். அதுக்குள்ள பெரிமா சோபா மேல ஏறிட்டாங்க."

மேடம் சிரிக்கவில்லை. ஆனால் ஃபைலைத் திரும்பத் திறந்தார். சார்தான் அடுத்த கேள்வியைக் கேட்டார், நாங்கள் மூன்று நாள் ஒத்திகை பார்த்த அதே கேள்வி. ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பாய்?

மல்லிகா வாயைத் திறந்தாள். தனபாக்கியம் பாய்ந்து அதைப் பொத்தினாள்.

நிவேதா இங்கிலீஷில் ஒன்று தயார் செய்து வைத்திருந்தாள். எனக்கே அது மனப்பாடம். அதைச் சொல்லவில்லை. "எங்கன்னு தெரியல சார். ஆனா எங்க இருந்தாலும் ரெண்டு டிவி இருக்காது" என்றாள்.

சார் சத்தமாகவே சிரித்துவிட்டார்.

மேடம் ஒரு காலத்தில் கணக்கு டீச்சராம். ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தில் ஏதோ கணக்கு எழுதிக்கொடுத்தார். நிவேதா போட்டாள். மேடம் இன்னொன்று கொடுத்தார். அதில் நிவேதா தடுக்கினாள். அழித்தாள், திரும்பப் போட்டாள். பிறகு இருவரும் தாளின் மேல் தலையோடு தலை முட்டக் குனிந்து, எங்களுக்குப் புரியாத ஒன்றைப் பேசிக்கொண்டே இருந்தார்கள். கேசரி ஆறிக் கட்டியானது. தெருவில் ஒருவரும் நகரவில்லை.

போகும்போது கிடைக்கும் என்றும் சொல்லவில்லை, கிடைக்காது என்றும் சொல்லவில்லை. "தகவல் வரும்" என்றார் மேடம்.

ஒரு சந்தேகம்

அதற்குப் பிறகு மல்லிகா என்னோடு பேசவில்லை. எதிர்வீடு. கதவைத் திறந்தால் அவள் முகம்தான். நான் கோலம் போட வந்தால் அவள் உள்ளே போவாள். வெளியூர்க்காரர்கள் முன்னால் அவள் வீட்டை உரித்தவள் நான்தானே. செய்தது சரி என்று தெரு சொன்னது. எனக்குச் சோறு இறங்கவில்லை. கிடைக்காமல் போனால் படிப்பும் போய், மானமும் போய், இரண்டுக்கும் நானே காரணம் என்று ஆகிவிடும்.

பத்துப் பதினைந்து நாள் இருக்கும். குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தோம். எனக்கு நாலு குடம் தள்ளி மல்லிகா. நிவேதா போனைக் கையில் பிடித்துக்கொண்டு தெருக்கோடியிலிருந்து ஓடி வந்தாள். மூன்று வருடத்துக்கும் ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்கிறார்களாம்.

மல்லிகா ஈரத் தரை என்றும் பார்க்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் என்னைப் பார்த்து, "ஏக்கா, கொடம் ரொம்பி வழியுது, கண்ணு தெரியல?" என்று அதட்டினாள். அந்த அதட்டலைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

இதில் ஒரு விஷயம் மட்டும் தீரவில்லை. அந்த நேரத்தில் நிவேதா அழுதாள் என்று எனக்கு ஞாபகம். 'அவ சிரிச்சா, அழுதது நீதான்' என்று என்னைச் சொல்கிறாள் மல்லிகா. இதை வைத்து இப்போது தினமும் எங்கள் இரண்டு பேருக்கும் சண்டை. நிவேதா ஹாஸ்டலில் இந்தப் பத்திரிகையை வாங்கிப் படிப்பதாகக் கேள்வி. போனில் கேட்டுவிடலாம், ஆனால் போனில் எனக்குப் பேச்சு வராது. அதனால் இங்கேயே கேட்கிறேன். நிவேதா, யார் அழுதது, யார் சிரித்தது என்று பார்த்து ஒரு வரி எழுது. தப்பாக இருந்தால் ஆசிரியர் திருத்திப் போடட்டும். ஆனால் எழுதுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசித்துக்கொள். உன் அம்மா சொன்னதுதான் சரி என்று அச்சில் வந்துவிட்டால், அப்புறம் இந்தத் தெருவில் நான் குடியிருக்க வேண்டாமா?